மருமகன் கேட்ட புலி

உங்களில் தாய்மாமன்மார் எத்தனை பேர்?

கையைத் தூக்கியவர்களுக்கு என் கஷ்டத்தை விளக்க வேண்டியதில்லை. சீர்த்தட்டு, புதுத்துணி, கிடாய், ஆசாரிக்கு வெற்றிலை பாக்கு தட்சிணை என்று பையைக் காலி செய்துவிட்டு, மொட்டைத் தலையும் சந்தனமுமாக ஒரு குழந்தையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். ஆசாரி கண்மூடித் திறப்பதற்குள் குத்திவிடுவார். குழந்தை வீறிடும். சுற்றி நிற்கிற கூட்டம் சிரிக்கும். போட்டோக்காரர், "மாமா, இந்தப் பக்கம் பாருங்க!" என்பார்.

மதுரைப் பக்கம் எங்கள் குலதெய்வக் கோவிலில், இருபத்தொரு வருஷத்துக்கு முன் என் மடியில் அப்படி அழுதவன் என் அக்காள் மகன். அந்த ஊசி அதற்கு முன் எத்தனை காதுகளைப் பார்த்தது என்று நான் கேட்கவில்லை. அவனுக்குச் சம்மதமா என்று யாருமே கேட்கவில்லை. ஒரு வயசுப் பிள்ளையிடம் என்னத்தைக் கேட்பது?

இப்போது அவனுக்கு இருபத்திரண்டு. உத்தியோகத்துக்கும் போய்விட்டான். அவனும், கல்லூரியில் படிக்கும் அவன் தங்கையும், நானுமாக ஒரு வாரம் பாங்காக் போய்வருவதென்று ஏற்பாடாயிற்று. வழியனுப்ப வந்த அக்காள், விமான நிலையத்தில் என்னைத் தூண் மறைவுக்கு அழைத்துப் போனாள்.

"தம்பி, இவன் அங்கே போய் முதுகிலே புலி குத்திக்கப் போறானாம். எவனோ சிநேகிதன் சொல்லி வெச்சிருக்கான். நீதான் கூட இருந்து தடுக்கணும்."

"சரி அக்கா" என்றேன்.

விமானம் கிளம்பியதும் பையன் என் பக்கம் சாய்ந்தான். "மாமா, புலி விஷயம் அம்மா சொல்லியிருப்பாங்க. நீங்கதான் எனக்காகப் பேசணும்" என்றான். அதற்கும் "சரிப்பா" என்றேன். தாய்மாமன் பிழைப்பு இப்படித்தான்!

நம் தாத்தாக்கள் சயாம் என்று சொன்ன நாடுதான் இன்றைய தாய்லாந்து. பாங்காக்கிலிருந்து மேற்கே சுமார் 50 கிலோமீட்டர் போனால் நக்கோன் சாய் சி என்ற இடம் வருகிறது. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். நகரம், ஜயம், ஸ்ரீ என்ற நம் வீட்டுச் சொற்களைத்தான் அவர்கள் நாக்கில் போட்டு உருட்டியிருக்கிறார்கள். பம்ளிமாஸ் பழத்துக்குப் பேர்போன பூமி. சாலையின் இரு பக்கமும் தேங்காய்ப் பருமனில் குவித்து வைத்து, தோலும் சுளையும் உரித்துத் தருகிறார்கள். இதே திக்கில் இன்னும் மேற்கே போனால் காஞ்சனபுரி. 1942, 43-ல் ஜப்பானியர் போட்ட சயாம்–பர்மா ரயில் பாதைக்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட நம் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டது அந்தப் பாதையில்தான். அது தனிக் கதை. இன்னொரு சமயம் சொல்லுகிறேன்.

நாங்கள் தேடிப்போனது வாட் பாங் ப்ரா என்ற புத்த விகாரை. 2002-ல் காலமான லுவாங் போ பெர்ன் என்ற பெரிய துறவியால் உலகப் புகழ் பெற்றது. அங்கே பிட்சுக்களே பச்சை குத்துகிறார்கள். 'சக் யந்த்' என்று அதற்குப் பெயர். 'சக்' என்றால் குத்துவது. 'யந்த்' நம்முடைய யந்திரமேதான். உடம்பில் யந்திரம் எழுதிக்கொண்டால் கத்தி ஏறாது, குண்டு பாயாது, கண்ணேறு படாது என்று நம்பிக்கை. வருஷந்தோறும் மார்ச் மாதத்தில் இங்கே குருவணக்கத் திருவிழா நடக்கிறது. அன்றைக்குப் புலி குத்திக்கொண்டவன் புலியாகப் பாய்வானாம்; அனுமான் குத்திக்கொண்டவன் குரங்காகத் தாவுவானாம். நல்லவேளை, நாங்கள் போனது மார்ச் மாதம் இல்லை.

ஒரு தட்டில் பூ, ஊதுவத்தி, சிகரெட் பாக்கெட் (ஆமாம், சிகரெட்தான்!), கொஞ்சம் காணிக்கை. அதைக் குருவின் முன் வைத்து வணங்கிவிட்டு வரிசையில் உட்கார வேண்டும். குத்துகிற கருவி நீளமான ஒரு எஃகுக் கம்பி. நுனி கூராகப் பிளந்திருக்கும். இடது கையைத் தாங்கலாக வைத்து, வலது கையால் அந்தக் கம்பியை உலக்கை போடுவதுபோல் மேலும் கீழும் இயக்குகிறார்கள். சரக், சரக் என்று சத்தம் மட்டும் கேட்கிறது. வரிசையில் அடுத்தபடி இருப்பவர்தான் குத்திக்கொள்பவரின் தோலை இருபுறமும் இழுத்துப் பிடிக்க வேண்டும். முடிந்ததும் மந்திரம் சொல்லி ஊதுகிறார்கள். அவ்வளவுதான், யந்திரத்துக்கு உயிர் வந்துவிட்டது.

ஒருவர் முதுகில் எழுதியிருந்த வரிகளை அருகில் போய்ப் பார்த்தேன். மயிர்க்கூச்செறிந்தது. அது இன்றைய தாய் எழுத்து இல்லை. கோம் என்கிற பழைய கம்போடிய எழுத்து. அந்தக் கம்போடிய எழுத்தின் தாய், காஞ்சியில் ஆண்ட பல்லவர்களின் எழுத்து! கடல் தாண்டிப் போய், கல்லிலே ஏறி, ஓலையிலே ஏறி, கடைசியில் ஒரு சயாம்காரர் முதுகில் வந்து குந்தியிருக்கிறது. 2003-ல் ஹாலிவுட் நட்சத்திரம் ஆஞ்செலினா ஜோலி இடது தோளில் ஐந்து வரி எழுதிக்கொண்டாரே, அதுவும் இந்தக் குடும்பத்து எழுத்துத்தான். வேறொரு ஆசானிடம் குத்திக்கொண்டார். அந்தப் படம் வெளிவந்த பிறகு வெளிநாட்டார் படையெடுக்க ஆரம்பித்தார்கள். என் மருமகனும் அந்தப் படையில் ஒரு சிப்பாய்!

அங்கே உட்கார்ந்திருந்தபோது எனக்கு எங்கள் அப்பத்தா ஞாபகம் வந்தது. அவள் வலது முன்கையில் ஒரு தாமரை. ஒன்பது வயதில் குத்தினார்களாம். வீட்டுத் திண்ணையில் குறத்தி வந்து உட்கார்ந்து, விளக்குக் கரியைப் பச்சிலைச் சாற்றில் குழைத்து, ஊசிகளைச் சேர்த்துக் கட்டிக் குத்தியபோது, இரண்டு பேர் அப்பத்தாவைப் பிடித்துக்கொண்டார்களாம். "பச்சை குத்தாத பொம்பளைக்குச் சாமி வீட்டிலே தண்ணி கிடைக்காது" என்று சொல்லி ஆறுதல்படுத்தினார்களாம். மூன்று வாரம் கை வீங்கிச் சீழ்வைத்தது. தாமரையின் ஏழு இதழ்களும் பச்சையாக நின்றன. எட்டாவது இதழ் மட்டும் தடித்து, மேடாகி, கடைசிவரை பளபளவென்று ஒரு தழும்பாகவே இருந்தது. சின்ன வயதில் நானும் அக்காளும் அந்த இதழைத் தடவிப் பார்ப்போம். அழகுக்காகத்தான் அப்படி வைத்தார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்!

அன்று எங்களுக்கு முன் கூட்டம் ஏராளம். சாயந்தரம் வரை முறை வராது என்று தெரிந்தது. எங்கள் கார் டிரைவர் மகா சமர்த்தர். பக்கத்துக் கிராமத்தில் தனக்குத் தெரிந்த அஜான் ஒருவர் இருக்கிறார், உடனே வேலை முடிந்துவிடும் என்றார். (அஜான் என்பது நம் ஆசாரியரேதான்.) போனோம்.

அந்த வீட்டைக் குறை சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. பெயரும் ஊரும் வேண்டாம். பெரியவர் நல்ல மனுஷர். கைகூப்பி வரவேற்றார். முன்கூடத்தில் விக்கிரகங்கள், பூமாலை, ஊதுவத்திப் புகை. எங்களுக்கு முன் மூன்று பேர். நான் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே கம்பி. ஒரே மைக் கிண்ணம். முதல் ஆளுக்குக் குத்தியானதும் கம்பியை ஒரு புட்டியிலிருந்த திரவத்தில் தோய்த்தார். வாசனையில் சாராயச் சத்து என்று தெரிந்தது. துணியால் துடைத்தார். அந்தத் துணியாலேயே அடுத்தவர் முதுகில் பொட்டுப் பொட்டாக எழும்பிய இரத்தத்தை ஒற்றினார். மறுபடி அதே கிண்ணத்தில் கம்பி இறங்கியது.

பையன் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவன் காதருகே குனிந்து, "அந்தக் கிண்ணத்தை மட்டும் ஒரு தடவை பார்த்துக்கோ" என்றேன்.

பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு டிரைவரிடம், "எனக்குப் புது ஊசி, புது மை போடுவாங்களான்னு கேளுங்க" என்றான். டிரைவர் கேட்டார். பெரியவர் சிரித்தார். அந்தக் கம்பி அவர் குரு கொடுத்தது, எத்தனையோ ஆயிரம் பேருக்கு அருள் செய்தது, அதை மாற்றுவதாவது! அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. பையன் கைகூப்பி, காணிக்கையை வைத்துவிட்டு, சட்டையைப் போட்டுக்கொண்டான்.

திரும்பும் வழியில் ஒரு பம்ளிமாஸ் கடையில் காரை நிறுத்தினோம். முகம் தொங்கிப்போயிருந்தவனைப் பார்த்து எனக்கே கஷ்டமாயிருந்தது. "சாராயத்திலே தோய்ச்சா கிருமி செத்துடாதா மாமா? சும்மா கெடுத்துட்டேனா?" என்று கேட்டான். பழத்தை உரித்துக்கொண்டே சொன்னேன். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

நம் தோலுக்கு இரண்டு மாடி. மேல் மாடி தினமும் உதிர்ந்து புதிதாகிறது. அங்கே மையை வைத்தால் சில வாரத்தில் போய்விடும். அதனால் ஊசி கீழ் மாடிக்கு இறங்கித்தான் ஆகவேண்டும். அங்கே இரத்தம் ஓடுகிறது. மை உள்ளே போனதும், நம் உடம்பின் காவல் அணுக்கள் அதை அந்நியன் என்று விழுங்குகின்றன. விழுங்கத்தான் முடிகிறது, ஜீரணிக்க முடியவில்லை. ஒரு காவலன் செத்தால் அடுத்த காவலன் அந்த மையை வாங்கி வைத்துக்கொள்ளுகிறான். பச்சை ஆயுசுக்கும் நிற்கிற ரகசியம் இதுதான். கொஞ்சம் மை நிணநீர்க் கணுக்களுக்கும் போய்த் தங்குகிறது.

மை போகிற வழியில் மற்றவையும் போகலாம் அல்லவா? ஹெபடைடிஸ் பி என்கிற ஈரல் நோய்க் கிருமி, காய்ந்த இரத்தத்தில் ஏழு நாள் வரை உயிரோடு இருக்கும். ஹெபடைடிஸ் சி-யும் இலேசில் சாகாது. எய்ட்ஸ் கிருமி அவ்வளவு கெட்டியில்லை என்றாலும், ஒருவர் இரத்தம் ஈரமாக இன்னொருவருக்குப் போகும் இடத்தில் அதற்கும் இடமுண்டு. சாராயத்தில் முக்கி எடுப்பது, தண்ணீரில் கொதிக்க வைப்பது, நெருப்பில் காட்டுவது எல்லாம் முழுப் பாதுகாப்பு ஆகிவிடாது. ஆஸ்பத்திரிகளில் ஆட்டோகிளேவ் என்று ஒன்று வைத்திருப்பார்கள். நம் பிரஷர் குக்கருக்குப் பெரியண்ணன். அதில் அழுத்தமான நீராவியில் 121 டிகிரி சூட்டில் கால் மணிக்குக் குறையாமல் வேகவேண்டும். அல்லது ஒரு தடவை உபயோகித்துத் தூக்கிப்போடுகிற ஊசியாக இருக்கவேண்டும். ஊசி புதிதாக இருந்தும் மைக் கிண்ணம் பொதுவாக இருந்தால் பிரயோஜனமில்லை.

"அத்தனை பேர் குத்திக்கிட்டு நல்லாத்தானே இருக்காங்க?" என்றாள் பெண்.

நியாயமான கேள்வி. பெரும்பாலோர் நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் ஈரல் நோயில் ஒரு வஞ்சகம் இருக்கிறது. என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர், நாற்பத்தெட்டு வயதில் யாருக்கோ இரத்தம் கொடுக்கப் போனார். உங்களுக்கு ஹெபடைடிஸ் சி இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். ஒரு நாள் காமாலை வந்தவரில்லை, ஒரு நாள் படுத்தவரில்லை! எப்படி வந்தது என்று டாக்டர் துருவித் துருவிக் கேட்டார். ஆபரேஷன் ஆனதில்லை, இரத்தம் ஏற்றிக்கொண்டதில்லை. இருபது வயதில் ஒரு திருவிழாவில், வரிசையில் நின்று, கையில் பெயர் குத்திக்கொண்டது ஒன்றுதான். அதுதான் காரணம் என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. இப்போது நல்ல மாத்திரைகள் வந்துவிட்டன. 12 வாரம் சாப்பிட்டார், கிருமி போய்விட்டது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குமேல் அப்படிக் குணமாகிறது. ஆனால் இருபத்தெட்டு வருஷம் சத்தமில்லாமல் அரிக்கப்பட்ட ஈரல் பழையபடி ஆகவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கான் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

ஹெபடைடிஸ் சி-க்குத் தடுப்பூசி கிடையாது. பி-க்கு இருக்கிறது, மூன்று ஊசி. நம் நாட்டில் 2011 வாக்கில்தான் எல்லா மாநிலத்துக் குழந்தைகளுக்கும் அது இலவசமாகப் போட ஆரம்பித்தார்கள். என் மருமகன் அதற்கு முந்திய பிறவி. அவனுக்கு அது போட்டதாக அக்காளுக்கு ஞாபகமில்லை. ஆக, அந்தக் கம்பிக்கு முன்னால் அவன் கவசமில்லாமல்தான் உட்கார்ந்திருந்தான்.

அன்று சாயங்காலம் பாங்காக்கில் சிலோம் வீதி மாரியம்மனைத் தரிசித்தோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம்மவர் கட்டிய கோவில். சுற்றிலும் சாமந்தி மாலைக் கடைகள். உள்ளே பார்த்தால் நம்மவரைவிட சயாம்காரர்கள் அதிகம். கோபுரத்தைப் பார்த்ததும் ஊர் வந்துவிட்டதுபோல் இருந்தது. ஆபத்து முடிந்தது என்று நான் நினைத்தேன். தப்பு! அன்றிரவே பெண்ணரசி ஆரம்பித்தாள்.

இரவுச் சந்தையில் ஒரு தள்ளுவண்டிக் கடை. துப்பாக்கி மாதிரி ஒரு சாதனம். காதில் வைத்து 'டிக்' என்றால் தோடு ஏறிவிடும். அவளுக்குக் கீழ்க்காது ஏற்கெனவே என் மடியில் குத்தியாயிற்று. மேல்காதில் ஒரு கல் வேண்டுமாம். கீழ்க்காது வெறும் சதை. ஆறு, எட்டு வாரத்தில் ஆறிவிடும். மேல்காது குருத்தெலும்பு. அதற்குள் இரத்த ஓட்டம் கிடையாது. ஆற மாதக்கணக்கில் ஆகும், சில சமயம் ஒரு வருஷம்கூட. அங்கே கிருமி பிடித்தால் மாத்திரை மருந்து எளிதில் போய்ச் சேராது; குருத்து அழுகிக் காதே சுருங்கிப்போவதும் உண்டு. அந்தத் துப்பாக்கி குத்துவதில்லை, நசுக்கித் துளைக்கிறது. அதன் பிளாஸ்டிக் உடம்பை நீராவியில் வேக வைக்கவும் முடியாது. தோட்டில் நிக்கல் கலந்திருந்தால் அரிப்பு வேறு. "குத்திக்கணும்னா குத்திக்கோ, கண்ணு. ஆனா துளை போட்ட ஊசி வேணும், உள்ளே நல்ல உலோகம் வேணும், ஒரு வருஷம் பார்த்துக்கிற பொறுமை வேணும்" என்றேன். நாக்கு, மூக்கின் நடுத்தண்டு, தொப்புள் என்று படம் போட்டு மாட்டியிருந்தார்கள். 2024 டிசம்பரில் நம் திருச்சியிலேயே, பச்சை குத்தும் கடையில் நாக்கை இரண்டாகப் பிளந்துவிடுகிற வேலை நடந்து, போலீசார் கைது செய்யும்படி ஆனது நினைவிருக்கிறதா? கடை வைத்திருப்பவர் டாக்டர் ஆகிவிடுவதில்லை.

"அப்ப இதாவது?" என்று அடுத்த கடையைக் காட்டினாள். கறுப்பு மருதாணி. இரண்டு வாரத்தில் அழிந்துவிடுமாம், வலியுமில்லை. நேயர்களே, பார்ப்பதற்குச் சாது, ஆனால் இதைக் கண்டால்தான் நான் அதிகம் ஓடுவேன். மருதாணி சிவக்கும், கறுக்காது. கன்னங்கரேலென்று ஒரு மணி நேரத்தில் பிடித்தால், அநேகமாகத் தலைச்சாயத்தில் போடுகிற ஒரு ரசாயனத்தைக் கலந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். உல்லாசக் கடற்கரைகளில் இதைப் போட்டுக்கொண்ட குழந்தைகளுக்குக் கோலம் போட்ட இடத்தில் கோலமாகவே கொப்புளம் எழும்பியிருக்கிறது. அந்த ஒவ்வாமை பிறகு ஆயுசுக்கும் போகாது. நாற்பது வயதில் நரைக்குச் சாயம் பூசினால் முகம் வீங்கும்.

பெண் மாம்பழமும் பசைச்சோறும் வாங்கிக் கொடுத்தால் போதும் என்று சமாதானத்துக்கு வந்தாள்.

பையன் சமாதானமாகவில்லை. மறுநாள் காலை, விசாரித்து விசாரித்து ஒரு கடையைக் கண்டுபிடித்து என்னைக் கூட்டிப்போனான். பார்த்தால் பல் டாக்டர் அறை மாதிரி இருந்தது. குத்துகிறவர் முப்பது வயதுப் பெண்மணி. ஆட்டோகிளேவைத் திறந்து காட்டினார். ஊசி ஒவ்வொன்றும் தனித்தனி உறையில், தேதி போட்டு. "உங்கள் எதிரில்தான் பிரிப்பேன்" என்றார். மைக்குச் சுண்டுவிரல் நுனியளவு கிண்ணம், ஆளுக்கு ஒன்று, பிறகு குப்பைக்கு. நான் அசந்துபோனேன்.

பிறகு அந்த அம்மாள் பையனைக் கேட்க ஆரம்பித்தார். சர்க்கரை உண்டா? இருதய வால்வில் கோளாறு உண்டா? இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாயா? நேற்றிரவு குடித்தாயா? பழைய தழும்பு எதையாவது காட்டு. பையன் இடது புஜத்தில் சிறுவயதில் போட்ட காசநோய்த் தடுப்பூசித் தழும்பைக் காட்டினான். அது தட்டையாக இல்லை. மேடாக, பளபளவென்று, உளுந்து வடையில் பாதி அளவுக்கு இருந்தது.

எனக்கு அப்பத்தாவின் எட்டாவது இதழ் ஞாபகம் வந்தது.

அந்த அம்மாள் விரலால் தடவிப் பார்த்தார். சிலருக்குக் காயம் ஆறும்போது தழும்பு காயத்தோடு நிற்காமல் வளர்ந்துகொண்டே போகும், கீலாய்டு என்பார்கள். குடும்பத்தில் ஓடுகிற சுபாவம். மாநிறம், கறுப்பு நிறத் தோல்காரர்களுக்கு அதிகம். தோள், மார்பு, மேல்முதுகு, காது இவைதான் அதற்குப் பிடித்த இடங்கள். பையன் புலிக்குக் கேட்ட இடமும் மேல்முதுகுதான்! "முதலில் தோல் டாக்டரிடம் காட்டு. சரி என்றால் சின்னதாக ஒரு புள்ளி வைத்து, சில மாதம் பார்" என்றார். "போகட்டும், நாளைக்கு என்ன திட்டம்?"

"பட்டாயா. கடல் குளியல்" என்றான் பையன்.

"அப்படியானால் இன்று புள்ளிகூட வைக்க மாட்டேன்" என்று உறையைக் கீழே வைத்துவிட்டார்.

வந்த லக்ஷ்மியை வேண்டாம் என்கிற வியாபாரியை நான் அன்றுதான் பார்த்தேன். ஆனால் அந்த அம்மாள் சொன்னது சரி. பச்சை என்பது ஆறாத புண். அமெரிக்காவில் 31 வயதுக்காரர் ஒருவர், குத்திக்கொண்ட ஐந்தாம் நாள் மெக்ஸிகோ வளைகுடாவில் நீந்தினார். கடலில் வாழும் ஒரு கிருமி அந்தப் புண் வழியாக ஏறி, ஏற்கெனவே ஈரல் கெட்டிருந்த அவரைக் கொன்றுவிட்டது. 2017-ல் வைத்திய சஞ்சிகையிலே வந்த விவரம் இது.

நான் விடாமல் மையைப் பற்றிக் கேட்டேன். ஐரோப்பிய யூனியன் 2022 ஜனவரியிலிருந்து ஆயிரக்கணக்கான ரசாயனங்களைப் பச்சை மையில் கட்டுப்படுத்தியிருக்கிறது. அந்த விதிக்கு உட்பட்ட மையா என்று புட்டியின் முத்திரையில் பார்க்கலாம் என்றார். "ஆனாலும் நூற்றுக்கு நூறு என்று நான் சொல்ல மாட்டேன்" என்று சேர்த்துக்கொண்டார். அதுவும் உண்மை. 2011, 12-ல் அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரத்தில் 19 பேருக்குப் பச்சை குத்திய இடத்தில் ஆறாத சிவப்புத் தடிப்பு வந்தது. ஆராய்ந்தால், கடையில் கோளாறில்லை. புட்டியில் அடைத்து வந்த சாம்பல் நிற மையிலேயே தண்ணீர்க் கிருமி இருந்தது. மாதக்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டியதாயிற்று.

அன்று மத்தியானம் ஓட்டலில் உட்கார்ந்து பையன் ஒரு காகிதத்தில் என்னென்னவோ எழுதினான். நானும் எனக்குத் தெரிந்ததைச் சேர்த்தேன். நம் நாட்டில் குத்திக்கொண்ட பிறகு ஒரு வருஷம் இரத்ததானம் செய்ய முடியாது. இந்திய ராணுவத்தில் சேர நினைக்கிறவர்களுக்கு முன்கையின் உட்புறமும் புறங்கையும் தவிர வேறிடத்தில் பச்சை கூடாது; பழங்குடியினருக்கு மட்டும் விலக்கு. எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் ஓட்டத்தில் முதலாவதாக வந்தும், மார்பில் எழுதிய பெயரால் திரும்பி வந்தான். லேசர் வைத்து அழிக்கலாம். ஆனால் பல தவணை, பல ஆயிரம். கறுப்பு போகும், பச்சையும் மஞ்சளும் அடம்பிடிக்கும். என்ன உருவம் என்பதையும் யோசிக்க வேண்டும். 2014-ல் கையில் புத்தர் குத்திக்கொண்டு கொழும்பில் இறங்கிய ஓர் ஆங்கிலேயப் பெண்மணியைக் கைது செய்து நாடு கடத்திவிட்டார்கள். 2017-ல் அங்கே உச்ச நீதிமன்றம் அது தவறென்று அவருக்கு எட்டு லட்ச ரூபாய் நஷ்ட ஈடு கொடுக்கச் சொன்னது வேறு விஷயம். அதற்குள் பட்ட பாடு பட்டாயிற்று.

"என்னதான் சொல்றீங்க மாமா, வேண்டாமா?" என்றான்.

"உன் காதைக் குத்தும்போது உன்னைக் கேட்கலே. இப்ப முதுகு உன்னுது. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றேன்.

பட்டாயா போனோம். கடலில் நன்றாகக் குளித்தோம்.

ஊர் திரும்பிய வாரம் அவனே போய் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, ஹெபடைடிஸ் பி ஊசி முதலாவது போட்டுக்கொண்டான். அடுத்த மாதம் இரண்டாவது. தோல் டாக்டரையும் பார்த்தான். முதுகு கண்டிப்பாக வேண்டாம். முன்கையில் வேண்டுமானால், ஒரு புள்ளி வைத்துப் பார்க்கலாம் என்றாராம். அக்காள் போனில் என்னைப் பிடித்துக்கொண்டாள்: "உன்னைத் தடுக்கச் சொல்லி அனுப்பினா, அவன் ஊசி மேலே ஊசியா போட்டுக்கிட்டுத் தயாராகிறானே! இதுதான் நீ தடுத்த லட்சணமா?"

மூன்றாவது ஊசி அடுத்த மாதம் வருகிறது. போன ஞாயிற்றுக்கிழமை பையன் கூப்பிட்டான்.

"மாமா, முன்கைன்னா புலிக்கு இடம் பத்தாது. அப்பத்தா கையிலே ஒரு தாமரை இருந்துச்சே, அதுக்குப் போட்டோ இருக்கா?"

நானும் அக்காளும் பழைய டிரங்குப் பெட்டியை இறக்கித் தேடிக்கொண்டிருக்கிறோம்.